நாலாம் நம்பரின் தைரியம்

எங்கள் வீட்டில் நாய்க்குட்டிகளுக்குப் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்துவிட்டால் கொடுக்க மனம் வராது என்பாள் அம்மா. அதனால் எங்கள் வெள்ளை நாய் ஈன்ற நான்கு குட்டிகளுக்கும் நான் நம்பர் போட்டேன். பழைய அறிவியல் நோட்டின் பின்பக்கங்களில் கட்டம் கட்டி, வாரா வாரம் எடை, கண் திறந்த நாள், மூக்கின் நிறம், யார் யாரைக் கடித்தது என்பதுவரை எழுதிவந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறை அது. எழுத வேறு ஒன்றும் இல்லை. எழுதாமல் இருக்கவும் எனக்குத் தெரியவில்லை.

குட்டிகளை விற்பதும் கிடையாது. வாங்கிப்போகிறவர்கள் தாய் நாய்க்கு ஏதாவது கொண்டுவருவார்கள், ஒரு பை அரிசியோ சில முட்டைகளோ. குட்டி தாயுடையது, அதனால் தாய்க்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். ஒன்றும் இரண்டும் அப்படிப் போய்விட்டன. மூன்றாம் நம்பர் பெண் குட்டி. அதை நாங்களே வைத்துக்கொள்வதென்று முடிவாகியிருந்தது. வாடகை வீடு, வீட்டுக்காரர் இரண்டு நாய்களுக்குத்தான் சம்மதித்திருந்தார். ஆக, நாலாம் நம்பர் போயே ஆக வேண்டும்.

ராஜபாளையத்தில் வெள்ளை நாய் வளர்ப்பவர்கள் குட்டி பார்ப்பதற்கென்று ஒரு கண் வைத்திருப்பார்கள். உடம்பில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். பயப்படக் கூடாது. நாலாம் நம்பருக்கு முதல் இரண்டும் பிறப்பிலேயே இருந்தன. மூன்றாவது சித்திரை மாதம் அம்மன் கோயில் பொங்கலன்று தெரியவந்தது. சாமி புறப்படும்போது தெருமுனையில் வேட்டுப் போட்டார்கள். தாய் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மற்ற மூன்று குட்டிகளும் அதன் வயிற்றுக்குள் தலையைத் திணித்துக்கொண்டன. நாலு மட்டும் வாசலில் சாக்கின் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓடிவந்து போனில் வீடியோ எடுத்தார். பின்னால் வேட்டு வெடித்துக்கொண்டே இருக்கும். முன்னால் குட்டியின் வயிறு சீராக ஏறி இறங்கும். அதை அவர் தன்னுடைய ஷிப்ட் ஆட்களின் குரூப்பில் போட்டு, கீழே ஒரே ஒரு சொல் எழுதினார்: சிங்கம்.

அப்பா ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அதே ஷிப்டில் வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா, அப்பாவை மாப்ளை என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கே போன் செய்து அந்தக் குட்டி தனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் வீட்டுக்கு நேர் எதிரே கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சரவெடி. அவர்கள் முன்பு வளர்த்த நாய் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சுவர் ஏறிக் குதித்து ஓடும். வைகாசி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குட்டியைக் கொண்டுவருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் மில்லில் நாலாம் நம்பரின் தைரியத்தைப் பற்றித்தான் பேச்சாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மா மாடியில் கூழ் வத்தல் ஊற்றி முடித்து, காக்காய் விரட்டும் வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, மறு கையில் கரண்டி. என் பக்கத்தில் தலையணை மேல் நாலு. கடைசி நாள் என்பதால் அதை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

மேற்கே மலை இன்னும் வெளுத்துப்போகவில்லை. ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ மாங்காய்க் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் காக்காய் வந்து வத்தல் துணியின் ஓரத்தில் இறங்கியது. நான் தட்டை ஓங்கி அடித்தேன். காக்காய் பறந்தது. கீழே அம்மா, "ஏட்டி, தட்ட ஒடச்சிராத!" என்றாள். தெருவில் ஒரு சைக்கிள்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. தட்டுக்கும் அதன் காதுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

மறுபடி அடித்தேன். காதின் நுனிகூட அசையவில்லை. தூங்குகிற நாயின் காது தனியாக விழித்திருக்கும். தாய் நாயைப் பார்த்து எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படி இறங்கி நோட்டை எடுத்துவந்தேன்.

தட்டு: இல்லை. விசில்: இல்லை. கைதட்டல், தலைக்குப் பின்னால்: இல்லை. அம்மாவின் போனில் பஸ் ஹாரன், முழுச் சத்தம்: இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுதல்: பெயர் இல்லை. தரையில் காலால் ஓங்கித் தட்டுதல்: உண்டு.

கடைசிச் சோதனையை, குட்டியைத் தலையணையிலிருந்து இறக்கி வெறும் தளத்தில் படுக்கவைத்துச் செய்தேன். காலைத் தட்டியதும் குட்டி கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தது. வாலை ஆட்டியது. அப்போதுதான் பழையதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. மற்ற குட்டிகள் எழுந்தால்தான் அது எழும். விளையாட்டில் மற்றவை வலியில் கத்தினாலும் கடியை விடாது. நான்கில் மிக உரக்கக் குரைப்பதும் அதுதான். எல்லாம் என் கட்டங்களிலேயே இருந்தன. எட்டு வாரம் எழுதியிருக்கிறேன், ஒரு தடவையும் சேர்த்துப் படிக்கவில்லை.

சிங்கம் தூங்கியது தைரியத்தால் இல்லை. அதற்கு வேட்டே கேட்கவில்லை.

அப்பா மில்லில் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு வீட்டில் எப்போதும் கிடக்கும். கீழே போய்க் கொஞ்சம் எடுத்துவந்து உருட்டி என் காதுகளில் அடைத்துக்கொண்டு குட்டிக்குப் பக்கத்தில் தளத்தில் படுத்தேன். காக்காய் போயிற்று, தெரு போயிற்று, அம்மாவின் குரல் போயிற்று. கொஞ்ச நேரம் பயமாக இருந்தது. பிறகு தோள்பட்டைக்கு அடியில் ஏதோ நடுங்கியது. கீழே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் படிப்படியாக ஓர் அதிர்வு. அம்மா மாடி ஏறிவருகிறாள். குட்டியும் அதே நேரம் படியின் பக்கம் தலையைத் திருப்பியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே செய்தியை ஒரே வழியில் தெரிந்துகொண்டோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வத்தலின் விளிம்புகள் சுருளத் தொடங்கியிருந்தன. எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

"வத்தலக் காக்கச் சொன்னா படுத்து உருளுதியா?" அம்மா குனிந்து என் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. இந்த முடிவுதான் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் சோதனையைச் செய்யக் கூடாது என்று அங்கே சேர்ந்தபிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று அது தானாகவே தெரிந்தது. ஏனென்றால் எனக்கு அந்தக் குட்டியை விட மனமில்லை. காது கேட்காது என்றால் மாமா வேண்டாம் என்பார், குட்டி இங்கேயே இருந்துவிடும் என்று மனதின் ஒரு மூலை ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தது. அதனால், "அம்மா, இந்தத் தட்டை அதுக்குப் பின்னால நின்னு அடிங்க, நான் பாக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

மூன்று முறை அடித்தாள். பிறகு, "இது உங்கப்பாவ விட மோசமால்ல இருக்கு" என்றாள்.

அது வெறும் கேலி இல்லை. பதினெட்டு வருட மில் சத்தம் அப்பாவின் காதை மெதுவாக மழுக்கியிருந்தது. டி.வி. பார்க்கும்போது கூப்பிட்டால் கேட்காது. அம்மா அடுப்படியிலிருந்தபடியே ஹால் விளக்கின் சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைப்பாள், அவர் திரும்புவார். டீ வேண்டுமென்றால் அவர் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோவார். அது மில் பாஷை. மெஷின் ஓடும்போது அங்கே யாரும் வாயால் பேச முடியாது. இரண்டு விரலைக் கத்திரிபோல் காட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். உள்ளங்கையைத் தொப்பிபோல் தலையில் கவிழ்த்தால் சூப்பர்வைசர் வருகிறார், ஒழுங்காக இரு என்று பொருள்.

"இங்கயே இருக்கட்டுமேம்மா" என்றேன்.

"வீட்டுக்காரர் ரெண்டுக்கு மேல ஆகாதுன்னு சொல்லிட்டாருல்ல. மாமா வீட்டுல வேண்டாம்னா உங்க பெரியப்பா தோப்புக்குத்தான் போகும்."

பெரியப்பாவின் மாந்தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. மிச்சமாகும் குட்டி அங்கே போவதென்பது எங்கள் வழக்கம். நல்ல நாய்க்கு நல்ல இடம்தான். ஆனால் அங்கே பன்றி வரும், பாம்பு உண்டு. சருகில் எழும் சத்தத்தைக் கேட்டு விலகத் தெரியாத குட்டி அங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. மனதின் மூலையில் குதித்துக்கொண்டிருந்தது உட்கார்ந்துவிட்டது. சொன்னால் தோப்பு. சொல்லாவிட்டால் அப்பா தனக்கே தெரியாமல் தன் கூட்டாளிக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு வருவார்.

"அப்பாட்ட யார் சொல்றது?"

"நீதான கண்டுபிடிச்ச. நீயே சொல்லு" என்று அம்மா வத்தல் துணியை இழுத்துவிடப் போனாள்.

மூன்றரை மணிக்கு அப்பா வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கைகால் கழுவும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, நாலுக்குக் காது கேக்காது."

"என்னது? சத்தமாச் சொல்லு."

அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டாள். நான் கிட்டப் போய் மறுபடி சொன்னேன், நோட்டைக் காட்டினேன். அவர் படித்தார். குட்டிக்குப் பின்னால் போய் நின்று, ஃபிட்டரின் பெரிய கைகளைச் சேர்த்து ஓங்கித் தட்டினார். அது தன் வாலைப் பிடிக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஷிப்ட் பூராவும் சிங்கம் சிங்கம்னு சொல்லிவச்சிருக்கனே."

"போன்ல சொல்லிரலாமாப்பா?"

"போன்ல சொன்னா வேண்டாம்னுதான் சொல்லுவான். நேர்ல கொண்டு போவோம். குட்டியப் பாத்துட்டு, பொறவு சொல்லட்டும்." கொஞ்சம் யோசித்து, "நீயே சொல்லு, தாயி. நான் சொன்னா மழுப்பிருவேன்" என்றார்.

புறப்படுவதற்கு முன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இருக்கிற நேரத்தில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். கூப்பிட வேண்டுமானால் தரையில் காலைத் தட்டவும். தூங்கும்போது திடீரென்று தொட வேண்டாம், மூக்குக்கு முன்னால் கையை நீட்டவும். இருட்டிய பிறகு விளக்கைப் போட்டு அணைத்தால் வரும். ரோட்டில் கட்டாமல் விடக் கூடாது. திட்டினால் கேட்காது, முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும்.

பைக்கின் பின்னால் குட்டியை ஒரு பழைய கூடையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதுரை ரோட்டில் மாம்பழக் கடைகளும் மில் சுவர்களும் போயின. பின்னாலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்ததில் நான் துள்ளினேன். கூடைக்குள் ஒரு அசைவும் இல்லை. ஆனால் மாம்பழ வாசனை வந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரோஸ் மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறவரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். "வா மாப்ளே! சிங்கத்தக் கொண்டாந்துட்டியா?" எதிர் மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மறுநாள் முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒலிபெருக்கி ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்தது. அத்தை தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவள் இரண்டு கறவை மாடு வைத்து ஒரு பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் மில்லில் வேலை பார்த்தவள்தான்.

அவள் குட்டியைக் கூடையிலிருந்து எடுப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எடுத்துவிட்டால் என்னால் முடியாது.

"மாமா, அத்தை, இதுக்குக் காது கேக்காது. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது. வேட்டுக்கு அசையாம இருந்தது அதனாலதான்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒலிபெருக்கிக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூடையைப் பார்த்தார்.

"காது கேக்காத நாயி காவலுக்கு எதுக்குண்ணே?" என்றாள் அத்தை. கோபமில்லை, உண்மையான கேள்வி. "கள்ளன் சுவரேறிக் குதிச்சா?"

"வேண்டாம்னா சொல்லிரு, தங்கச்சி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார் அப்பா. அவருடைய கை கூடையின் கைப்பிடியைப் பிடித்துவிட்டது. எனக்குத் தோப்பின் சருகுகள் தெரிந்தன.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் கார் வந்தது. சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அவ்வளவு அகலமில்லாத தெருவில் அது காதுக்குள்ளேயே வெடிப்பதுபோல் இருந்தது. அத்தையின் கோழிகள் கூரை ஏறின. மாடு கயிற்றை இழுத்தது. மாமா, எதற்கும் அசையாதவர் என்று அப்பா சொல்லும் மாமா, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். புகை வாசலுக்குள் வந்தது.

நாலாம் நம்பர் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தது. புகையை மோந்து ஒரு தும்மல் போட்டது. பிறகு பால் வாசனை எங்கிருந்து வருகிறதென்று தேடி, அத்தையின் சேலை ஓரத்தைக் கண்டுபிடித்து, அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வெடி ஓயும்வரை யாரும் பேச முடியாது. அத்தை குனிந்து பார்த்தாள். மற்றொரு காலை மெதுவாகத் தரையில் தட்டினாள். குட்டி நிமிர்ந்தது. நான் எழுதிய தாளை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. அவள் கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தொப்பிபோல் தன் தலையில் கவிழ்த்தாள்.

குட்டிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் வாலாட்டுவதை நிறுத்திவிட்டு, சூப்பர்வைசரே வந்ததுபோல் அவளை முறைத்துப் பார்த்தது. தூணுக்குப் பின்னாலிருந்து மாமா பார்த்துவிட்டார். அப்பாவும் பார்த்துவிட்டார். வெடிச் சத்தத்தில் அவர்கள் சிரிப்பு கேட்கவில்லை. வயிறு குலுங்கியது மட்டும் தெரிந்தது.

புகை அடங்கியதும் மாமா சொன்னார்: "மாப்ளே, நமக்கென்ன புதுசா? எட்டு மணி நேரம் நாம கையாலதான பேசுதோம்."

"அப்ப கள்ளன்?" என்று நான்தான் கேட்டேன். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட வேண்டும்.

"இந்த ஒலிபெருக்கியில காது கேக்குற நாய்க்கு மட்டும் கள்ளன் வாரது கேட்டுருமாக்கும்?" என்றாள் அத்தை. "பழைய நாயிக்கு அம்புட்டுக் காது. அதான் செட்டியார்பட்டியில எங்கம்மா வீட்டுக்குக் குடிபோயிருச்சு. இதுக்கு மூக்கு இருக்குல்ல, போதும். இப்பவே பால் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிருச்சே." பிறகு மாமாவைப் பார்த்து, "காது கேட்டும் நீங்க நான் சொல்லுறதக் கேக்குதீகளா என்ன?" என்றாள்.

தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். ஐந்தாவதற்கு வந்ததும், "திட்டினா கேக்காதா? அது ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள். அதை மடித்து, சாமி படத்துக்குக் கீழே காலண்டரின் ஆணியில் குத்திவைத்தாள். குட்டியை நான் கடைசியாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டிருந்தது. நான் தரையில் காலைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், மறுபடி மோப்பம் பிடிக்கப் போய்விட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

தாய்க்கு என்று அத்தை ஒரு தூக்குச்சட்டி நிறையப் பால் கொடுத்தாள். எனக்கு இலையில் கட்டிய பால்கோவா. போகும்போது குட்டி இருந்த அதே மடியில், அதே கூடையில், தூக்குச்சட்டி. அதையும் அலுங்காமல் பிடிக்க வேண்டியிருந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. அப்பா இப்போது பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி எனக்குக் கேட்கவில்லை. நான் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி ஆமாம் என்று தெரிவித்தேன்.

வீட்டில் அம்மா பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தாய் நாய்க்கு ஊற்றினாள். அது முதலில் கூடையை மூலைமூலையாக மோந்தது. பிறகு பாலைக் குடித்தது. மூன்றாம் நம்பர் ஓரத்தில் நுழைந்து பங்கு கேட்டது.

அப்பா போனை என்னிடம் நீட்டினார். "ஏட்டி, குரூப்புல போடு. சிங்கம் வேட்டுக்கு அசையாதது தைரியமில்ல, அதுக்குக் காது கேக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நல்லா இருக்கு. இம்புட்டுத்தான். நீயா ஒண்ணும் சேத்து எழுதாத."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சற்று நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. கேலி இருக்கும் என்று அப்பா போனைத் தொடாமல் டி.வி.யை உரக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படித்தேன். கேலி கொஞ்சம்தான். ஷிப்டில் மூத்தவர் ஒருவர் எதுவும் எழுதவில்லை. காது கேட்காத சிங்கத்துக்கு மில் பாஷையில் ஒரு தொப்பியின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார்.

அதைக் காட்ட அப்பாவைக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைத்தேன். அப்பா திரும்பினார். காது நன்றாகக் கேட்கும் மூன்றாம் நம்பரும் திரும்பியது.